கருவிழியில் கருமை இல்லாதபோது

கண்ணின் நடுவே பாவையைச் சுற்றியிருக்கும் வண்ண வளையத்தைக் கருவிழி என்று சொல்லிப் பழகிவிட்டோம். பெயரிலேயே கருமை இருக்கிறது. கண் என்றால் கறுப்புதான் என்று தலைமுறை தலைமுறையாகப் பார்த்துவந்த மக்கள் வைத்த பெயர் அது. யாருக்காவது அந்த வளையம் வெளிறியிருந்தால் 'பூனைக்கண்' என்று தனியாகச் சொல்லுவோம். அந்தப் பூனைக்கே கண் நீலமாக இருந்துவிட்டால் என்ன சொல்வது? மலேசியாவின் கோல சிலாங்கூர் வட்டாரத்தில் புக்கிட் ரோத்தான், ஈஜோக், இன்று பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்ட பத்தாங் பெர்ஜுந்தை, வடக்கே தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் என்று நீளும் தோட்டப் பகுதியில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பூனை ஒன்று ஈன்ற குட்டிகளில் ஒன்று நீலக் கண்ணோடு நின்றுவிட்டால் மூன்று விதமான பேச்சு எழும். அது வெளிநாட்டுச் சாதி, விலைபோகும் என்பது ஒன்று. அதற்குக் காது கேட்காது, வளர்த்துப் பயனில்லை என்பது இன்னொன்று. ஒரு கண் நீலம், மறு கண் மஞ்சள் என்றால் ராசி பார்க்கிற பேச்சும் சேர்ந்துகொள்ளும். மூன்றும் ஒரே தவறிலிருந்துதான் பிறக்கின்றன. நீலத்தை ஒரு பொருளாக, ஒரு சாதியின் முத்திரையாக எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அங்கே நீலம் என்று எதுவும் இல்லை. வரவேண்டிய கருமை வராமல்போன இடத்தைத்தான் நாம் நீலமாகப் பார்க்கிறோம். ஆகவே கேட்கவேண்டிய கேள்வி, கருமை ஏன் வரவில்லை என்பதே. அந்தக் கேள்விக்கு ஒரே விடை கிடையாது. எந்த விடை பொருந்துகிறது என்பதைப் பொறுத்தே அந்தக் குட்டியின் காது, பார்வை, அதன் சந்ததியின் நலம் எல்லாம் அமையும்.

முதலில் நீலம் எப்படித் தோன்றுகிறது என்பதைப் பார்த்துவிடலாம். நாயின் கண்ணிலோ பூனையின் கண்ணிலோ மனிதரின் கண்ணிலோ நீல நிறமி கிடையாது. கருவிழியின் முன்புறம் மெல்லிய நார்களால் ஆன அடுக்கு. அதன் பின்புறம் கரிய நிறமி படிந்த இன்னோர் அடுக்கு. முன்னடுக்கில் மெலனின் என்னும் நிறமி நிறைய இருந்தால் கண் பழுப்பாகவும், கொஞ்சம் இருந்தால் மஞ்சளாகவும் பச்சையாகவும் தெரியும். அங்கே மெலனினே இல்லையென்றால், உள்ளே நுழையும் ஒளியில் நீலப் பகுதி அந்த நுண்ணிய நார்களில் பட்டு அதிகமாகச் சிதறித் திரும்புகிறது. மீதி ஒளியைப் பின்னாலிருக்கும் கரிய அடுக்கு விழுங்கிவிடுகிறது. சாம்பிராணிப் புகையை இருண்ட வாசற்படியின் பின்னணியில் பார்த்தால் இலேசான நீலமாக இருக்கும். அதே புகை வெளிச்சமான சன்னலுக்கு எதிரே மங்கிய பழுப்பாகிவிடும். புகையில் சாயம் எதுவும் இல்லை. சிறு துகள்களும் பின்னணியின் இருளும் சேர்ந்துதான் அந்த நீலத்தை உண்டாக்குகின்றன. கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்காவின் அலையாத்திக் காட்டில் பறக்கும் மீன்கொத்தியின் நீல முதுகும் சாயத்தால் ஆனதில்லை. இறகின் நுண்ணமைப்பு ஒளியைக் கையாளும் விதம்தான் அந்த நிறம். ஆக, நீலக் கண் என்பது முன்னடுக்கு வெறுமையாகவும் பின்னடுக்கு கருமையாகவும் இருக்கிற கண்.

இதனால்தான் எல்லாப் பூனைக்குட்டியும் எல்லா நாய்க்குட்டியும் கண் திறக்கும்போது ஒருவித நீலச் சாயலோடு இருக்கின்றன. முன்னடுக்கின் நிறமிச் செல்கள் அப்போது இன்னும் வேலையைத் தொடங்கியிருக்காது. பூனைக்கு ஆறு, ஏழு வாரத்தில் நிறம் மாறத் தொடங்கி, மூன்று நான்கு மாதத்தில் நிலைக்கும். பிறப்புக்குப் பிறகு நிறம் வருவது இந்த வட்டாரத்து மக்களுக்குப் புதிதில்லை. புக்கிட் மெலாவத்திக் குன்றின் வெள்ளிமயிர் லூத்தோங் குரங்குகள், கரிய தாயின் மடியில் பளிச்சென்ற ஆரஞ்சு நிறக் குட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அங்கே போகிற எல்லோரும் பார்க்கிறார்கள். அதே குட்டி சில மாதங்களில் தாயின் நிறத்துக்கு வந்துவிடும். ஒரு மாதக் குட்டியை 'நீலக்கண் சாதி' என்று சொல்லி யாராவது விற்றால், வாங்குகிறவர் இன்னும் இரண்டு மாதம் பொறுத்துப் பார்ப்பது நல்லது.

இன்னொரு நீலத்தையும் இங்கேயே ஒதுக்கிவைத்துவிட வேண்டும். பழுப்புக் கண்ணோடு வளர்ந்த நாயின் கண் இடையில் நீலம் பாய்ந்தால், அது கருவிழியின் நிறமே இல்லை. கண்ணின் முன்னே கண்ணாடிபோல இருக்கும் படலத்தில் நீர் கோத்துக்கொண்டால் அதுவும் ஒளியைச் சிதறடித்து நீலமாகக் காட்டும். நாய்களின் கல்லீரலைத் தாக்கும் அடினோ வைரஸ் நோய் இப்படி ஒரு நீலக் கண்ணை விட்டுச்செல்வதுண்டு. கண் அழுத்த நோயும் காயமும்கூட அப்படிச் செய்யும். வயதான நாயின் கண்மணிக்குள் தெரியும் சாம்பல் நீலம் வில்லையின் முதிர்ச்சி. 'கண்ணில் பூ விழுந்திருக்கிறது' என்று பெரியவர்கள் சொல்வது இவற்றையெல்லாம் சேர்த்துத்தான். பிறவியில் வந்த நீலத்தை வைத்து யோசிக்க நேரம் உண்டு. இடையில் வந்த நீலத்தை அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டவேண்டும்.

இனி, கருமை ஏன் வரவில்லை என்ற கேள்வி. மெலனினைச் செய்கிற செல்கள் கருவிழியிலேயே பிறந்தவை இல்லை. கரு வளரும்போது முதுகுத் தண்டின் ஓரத்தில் தோன்றி, அங்கிருந்து நடந்து தோலுக்கும் மயிருக்கும் கண்ணின் முன்னடுக்குக்கும் உட்செவிக்கும் போய்ச் சேர்கின்றன. பால்மரத் தோட்டத்தின் காலைப் பெரட்டைப் போல எண்ணிக்கொள்ளலாம்: ஆள் ஓரிடத்தில் கூடி, அங்கிருந்து அவரவர் நிரைக்குப் பிரிந்து போவார்கள். மத்தியானம் ஒரு நிரையின் பால் பிடிக்கும் மங்குகளெல்லாம் காலியாகக் கிடந்தால் காரணம் பலவாக இருக்கலாம். ஆளே வராமல் போயிருக்கலாம். ஆள் வந்து, கத்தி மழுங்கிப் பட்டையில் இறங்காமல் இருந்திருக்கலாம். ஆளும் கத்தியும் சரியாக இருந்து, அந்த நிரையை மட்டும் வெட்டவேண்டாம் என்று உத்தரவு வந்திருக்கலாம். காலி மங்கை மட்டும் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோல்தான் இருக்கும். தோட்டத்தின் நிலையை அறிய அது போதாது. நீலக் கண்ணும் அப்படியே.

மழுங்கிய கத்திக்கு எடுத்துக்காட்டு, இந்த நிலப்பகுதிக்கே சொந்தமான பூனை. உடல் பாலேடு நிறம், முகம், காது, கால், வால் மட்டும் கருமை, கண் நீலம். உலகம் இதைச் சியாம் பூனை என்கிறது. இதன் மரபில் டைரோசினேஸ் என்னும் நொதியைச் செய்யும் மரபணுவில் ஒரு மாற்றம் இருப்பதை 2005இல் கண்டுபிடித்தார்கள். மெலனின் உருவாக இந்த நொதி வேண்டும். மாறிப்போன நொதி சூட்டில் செயலிழந்து, குளிர்ச்சியில்தான் வேலை செய்யும். பூனையின் உடல் வெப்பம் 38 பாகை செல்சியஸை ஒட்டி இருப்பதால் நடு உடம்பு வெளிறுகிறது. வெப்பம் குறைந்த காது நுனியும் வாலும் கறுக்கின்றன. தாயின் வயிற்றுக்குள் எல்லா இடமும் ஒரே சூடு என்பதால் குட்டி வெள்ளையாகப் பிறந்து, பிறகுதான் ஓரங்கள் கறுக்கும். 1930இல் மாஸ்கோவில் இல்யின் என்னும் பெயர்கொண்ட ஆய்வாளர் இருவர் இந்தப் பூனையின் மயிரை மழித்துக் குளிரில் வைத்துப் பார்த்தார்கள்; மழித்த இடத்தில் கறுப்பு மயிர் முளைத்தது. கோல சிலாங்கூரில் பகல் வெப்பம் 32, 33 பாகையைத் தொடும். இங்கே வளரும் இத்தகைய பூனை, குளிர்நாட்டில் வளரும் அதன் உறவுப் பூனையைவிட வெளிறித் தெரிந்தால் அது கலப்பின் அடையாளம் இல்லை. ஊரின் வெயில் அந்த நொதியின் மேல் எழுதிய கணக்கு. கண் மட்டும் எந்த ஊரிலும் நீலமாகவே இருக்கும். கண் தலைக்குள் சூடாக இருக்கிறது, குளிர்ந்து கறுக்க அதற்கு வழியில்லை.

இங்கேதான் 'வெளிநாட்டுச் சாதி' என்ற பேச்சு நிலைக்காமல் போகிறது. 1871இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த பூனைக் காட்சியில் சியாம் பூனை வைக்கப்பட்டபோது, வெளிநாட்டுச் சரக்காக அங்கே போனது இந்தப் பகுதியின் பூனை. அதற்கு மூன்றாண்டு முன்பே, 1868இல் வெளிவந்த தம் நூலில் டார்வின், மலாய்த் தீவுகளிலும் சியாமிலும் பர்மாவிலும் பூனைகளின் வால் குட்டையாகவும் நுனியில் முடிச்சு விழுந்தும் இருப்பதைக் குறிப்பிட்டிருந்தார். லயத்துத் திண்ணையில் படுத்திருக்கும் பூனையின் வாலைத் தடவினால் கைக்குத் தட்டுப்படும் அதே முடிச்சுதான் அது. ஆசியக் குட்டைவால் பூனைகளில் அந்த வாலுக்குக் காரணமான ஒரு மரபணு மாற்றத்தை 2016இல் சீன ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். பூனைகளின் மரபை உலக அளவில் ஒப்பிட்ட 2008ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, தென்கிழக்கு ஆசியத் தெருப்பூனைகள் தனிக் கிளையாக நிற்பதையும், சியாம், பர்மியப் பூனை போன்ற இனங்கள் அந்தக் கிளையிலேயே வந்து சேர்வதையும் காட்டியது. தெருப்பூனையிலிருந்துதான் இனம் உண்டானது. லயத்து நீலக்கண் குட்டி, யாரோ ஒரு துரையின் பங்களாவிலிருந்து தப்பிவந்த இனப்பூனையின் வழித்தோன்றலாக ஏன் இருக்கக்கூடாது என்று கேட்கலாம். ஒரு தனிப் பூனையைப் பொறுத்தவரை அப்படியும் இருக்கலாம், அதை மறுக்க முடியாது. ஆனால் அப்படி ஒரு கதை தேவையே இல்லை என்பதுதான் முக்கியம். நீலக் கண்ணைத் தரும் இந்த நொதி மரபணு மாற்றம் ஒடுங்கு தன்மை உடையது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். பேச்சுக்காக, ஓர் ஊரின் பூனைகளில் பத்தில் ஒன்று இதை மறைவாகச் சுமக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவை கண்டபடி கூடினால், இரண்டு பக்கமும் சுமக்கும் இணை நூற்றில் ஒன்று. அந்த இணையின் குட்டிகளில் நான்கில் ஒன்று. ஆக நானூறு குட்டிக்கு ஒன்று நீலக் கண்ணோடு பிறக்கும். தாய் வரிப்பூனை, தந்தை கறுப்புப்பூனை, அக்கம்பக்கத்தில் யாருக்கும் இனப்பூனை இல்லை என்ற நிலையிலும் அந்தக் குட்டி வரும். இந்த நீலக் கண்ணுக்கு இங்கேயே வேர் உண்டு.

இந்தப் பூனையின் காது நன்றாகக் கேட்கும். உட்செவியில் இருக்கவேண்டிய செல்கள் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டன. அவற்றால் நல்ல கருமையைச் செய்ய முடியாமல் இருக்கலாம். காதுக்கு வேண்டியது அந்தச் செல்களின் இருப்புதான், அவற்றின் கருமை இல்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. மழுங்கிய நொதி கண்ணின் பின்னாலுள்ள நிறமி அடுக்கையும் பாதிக்கிறது. கருவில் விழித்திரையிலிருந்து மூளைக்கு நரம்புகள் பாதை அமைக்கும்போது அந்த அடுக்கின் கருமை ஒரு வழிகாட்டியாகிறது. கருமை குறைந்தால், ஒரே பக்கத்தில் நிற்கவேண்டிய நரம்பிழைகளில் பல மறுபக்கத்துக்குத் தாண்டிவிடுகின்றன. 1969இல் கில்லரி இதைச் சியாம் பூனையில் காட்டினார். பின்னாளில் நோபெல் பரிசு பெற்ற ஹியூபெலும் வீசெலும் 1971இல் இதை மேலும் ஆராய்ந்தார்கள். சில சியாம் பூனைகளின் மாறுகண்ணும், இரு கண்ணையும் சேர்த்து ஆழம் அளப்பதில் உள்ள தடுமாற்றமும் இதன் விளைவுகள். இரவில் விளக்கொளி பட்டால் மற்ற பூனைகளின் கண் பச்சையாகவோ மஞ்சளாகவோ மின்னும்போது, சியாம் பூனையின் கண் பெரும்பாலும் சிவப்பாக மின்னும். பின்னடுக்கின் நிறமி குறைந்து இரத்தக் குழாய்களின் நிறம் திரும்பி வருவதே காரணம். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போன தலைமுறை, இந்த இரண்டு மின்னலையும் பிரித்துப் பார்க்கும் வாய்ப்புப் பெற்ற தலைமுறை.

அடுத்தது, பெரட்டுக்கே ஆள் வராத நிலை. உடல் முழுதும் வெள்ளையாகப் பிறக்கும் பூனை இது. சியாம் பூனையின் பாலேட்டு நிறத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக்கூடாது. இதில் நொதிக்கு ஒரு குறையும் இல்லை. பழங்காலத்தில் பூனையின் மரபில் நுழைந்த ஒரு வைரஸின் துண்டு, கிட் என்னும் மரபணுவுக்குள் உட்கார்ந்திருப்பதை 2014இல் கண்டறிந்தார்கள். அதனால் நிறமிச் செல்கள் பிழைத்து, பெருகி, நடந்து போய்ச் சேர்வதே தடைபடுகிறது. தோலுக்கு வராததால் மயிர் வெள்ளை. கண்ணுக்கு வராதபோது கண் நீலம். உட்செவிக்கு வராதபோது காது செவிடு. உட்செவியின் நத்தைச் சுருளுக்குள் ஒலியை உணரும் செல்கள் ஒரு தனித் திரவத்தில் நனைந்திருக்கின்றன. அந்தத் திரவத்தில் பொட்டாசியம் மிகுதியாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளும் வேலையில் நிறமிச் செல்களுக்குப் பங்கு உண்டு. அவை இல்லாதபோது, பிறந்த சில நாள்களிலேயே அந்தச் சுருளின் அமைப்பு சரியத் தொடங்கிவிடுகிறது. குட்டி மற்றக் குட்டிகளைப் போல ஒலிக்குத் திரும்பவேண்டிய வயதில் அதன் உலகம் அமைதியாகிவிடுகிறது. கண்ணுக்கு ஆள் வராததும் காதுக்கு ஆள் வராததும் ஒரே பற்றாக்குறையின் இரண்டு விளைவுகள் என்பதால் அவை அடிக்கடி சேர்ந்து வருகின்றன. ஆனால் கட்டாயம் சேர்ந்து வரவேண்டும் என்பதில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், வெள்ளைப் பூனைகளில் இரு கண்ணும் நீலமாக இருப்பவற்றில் 65 முதல் 85 விழுக்காடு செவிடு. ஒரு கண் மட்டும் நீலம் என்றால் 40 விழுக்காட்டை ஒட்டி. நீலமே இல்லாத வெள்ளைப் பூனையிலும் 17 முதல் 22 விழுக்காடு. ஒற்றை நீலக் கண் பூனையில் காது ஒன்று மட்டும் கேட்கவில்லையென்றால், அது பெரும்பாலும் நீலக் கண் இருக்கும் பக்கத்துக் காதுதான். ராசி என்று பேசப்படும் இரு நிறக் கண்ணில் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தக்க செய்தி இதுவே.

வெள்ளைப் பூனைக்கும் சியாம் பூனைக்கும் இடையிலுள்ள இந்த எதிர்மறைதான் என் வாதத்தின் நடுத்தூண். சியாம் பூனைக்குக் காது சரி, பார்வை நரம்பின் பாதை தவறு. வெள்ளைப் பூனைக்குக் காது தவறலாம், பார்வை நரம்பின் பாதை சரி. ஏனென்றால் கண்ணின் பின்னடுக்கு மூளையிலிருந்தே நீண்டு உருவாவது, முதுகோரத்திலிருந்து நடந்துவரும் செல்களை அது எதிர்பார்ப்பதில்லை. இரண்டு கண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே நீலம். உள்ளே இரண்டும் நேர் எதிரானவை. டார்வினே இந்த இடத்தில் தம்மைத் திருத்திக்கொண்டவர். 1859இல் உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூலின் முதல் பதிப்பில், நீலக் கண் பூனைகள் தவறாமல் செவிடாக இருக்கும் என்று எழுதினார். பின்வந்த பதிப்பில், முழு வெள்ளையாக இருக்கவேண்டும் என்பதைச் சேர்த்து, 'தவறாமல்' என்பதைப் 'பொதுவாக' என்று தளர்த்தினார். அந்தச் சிறு திருத்தத்தில் பெரிய அறிவு இருக்கிறது. நம் ஊர்ப் பேச்சு அவருடைய முதல் பதிப்பிலேயே நின்றுகொண்டிருக்கிறது.

நாய்களில் இதற்கு இணையானதைத் தேட வெகுதூரம் போகவேண்டாம். தமிழ்நாட்டின் இராஜபாளையம் நாய், 2005இல் இந்திய அஞ்சல்தலையில் இடம்பெற்ற நான்கு உள்நாட்டு இனங்களில் ஒன்று. பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண் என்பதே அதன் மதிப்புக்குரிய தோற்றம். வெள்ளையையே தேடித்தேடி வளர்த்ததும், நிறத்தோடு பிறந்த குட்டிகளை ஒரு காலத்தில் கழித்துக்கட்டியதும் சேர்ந்து, இந்த இனத்தில் செவிட்டுத்தன்மையை வளர்ப்பவர்களின் தீராத கவலையாக்கிவிட்டன. நிறக்குட்டியைக் கொன்றவர்கள் தூய்மையைக் காப்பதாகவே நம்பினார்கள். உண்மையில், காதுக்கு நிறமிச் செல்லை அனுப்பும் திறன் மிகுந்திருக்கக்கூடிய குட்டியை ஒவ்வோர் ஈற்றிலும் இழந்துகொண்டிருந்தார்கள். மேல்நாட்டில் டால்மேஷன் நாயின் கதையும் இதுதான். அமெரிக்காவில் கேள்திறன் சோதிக்கப்பட்ட டால்மேஷன்களில் ஏறக்குறைய 30 விழுக்காட்டுக்கு ஒரு காதோ இரு காதோ கேட்கவில்லை. நீலக் கண் உள்ளவற்றில் அந்த ஆபத்து மேலும் கூடுதல்.

இனி உத்தரவின்படி வெட்டாமல் விட்ட நிரை. சைபீரிய ஹஸ்கி நாய் கறுப்பும் சாம்பலுமான மயிரோடு, பளிச்சிடும் நீலக் கண்ணோடு இருப்பதைக் கவனித்தால், ஆள் பற்றாக்குறை இல்லை என்பது உடனே விளங்கும். உடம்பெல்லாம் நிறமி இருக்கிறது, கண்ணில் மட்டும் இல்லை. 2018இல் 6,000க்கும் மேற்பட்ட நாய்களின் மரபுத் தரவை அலசிய ஆய்வு, 18ஆம் குரோமோசோமில் ஏஎல்எக்ஸ்4 என்னும் மரபணுவின் அருகே ஒரு நீளமான பகுதி இரட்டித்திருப்பதோடு இந்த நீலம் சேர்ந்து வருவதைக் காட்டியது. இந்த நீலத்தைச் செவிட்டுத்தன்மையோடு யாரும் இணைத்துக் காட்டவில்லை. 'அப்படியானால் ஹஸ்கி வளர்ப்பதில் தவறில்லையே' என்று கேட்டால், கண்ணால் தவறில்லை, மயிரால் தவறு உண்டு. சைபீரியக் குளிருக்கு அமைந்த இரட்டை அடுக்கு மயிரோடு அது தஞ்சோங் காராங் வெயிலில் தகரக் கூரையின் கீழ் மூச்சிரைக்கக் கட்டிக்கிடப்பதை, நீலக் கண்ணின் அழகைச் சொல்லி நியாயப்படுத்த முடியாது.

இதே நீலம் 'மெர்ல்' எனப்படும் திட்டுத்திட்டான சாம்பல் நிற நாய்களிலும் வருகிறது. அங்கே வேறு மரபணு, வேறு கணக்கு. 2006இல் கண்டறியப்பட்ட அந்த மாற்றம் ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்தால், அமெரிக்க ஆய்வு ஒன்றின்படி செவிடு நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. இரு பெற்றோரும் மெர்லாக இருந்து இரட்டையாக வந்தால் நூற்றுக்கு இருபத்தைந்து, கூடவே கண் சிறுத்தும் குறைபட்டும் பிறக்கும் ஆபத்து. நீலக் கண் குட்டிக்கு விலை கூடுகிறது என்பதற்காக நீலக்கண் நாய் இரண்டைச் சேர்ப்பவர், தான் ஹஸ்கி வகை நீலத்தைச் சேர்க்கிறாரா மெர்ல் நீலத்தைச் சேர்க்கிறாரா என்று அறியாமலேயே அதைச் செய்கிறார். அந்த அறியாமையின் விலையைக் குட்டிதான் கொடுக்கிறது.

இவ்வளவு பிரித்துப் பார்ப்பது பொதுமக்களால் ஆகுமா, நீலக் கண்ணையே மொத்தமாக ஒதுக்கிவிட்டால் பாதுகாப்பாக இருக்குமே என்ற மறுப்பு வரக்கூடும். இதற்கு இரண்டு பதில்கள். ஒதுக்குவது பாதுகாப்பும் ஆகாது: நீலமே இல்லாத வெள்ளைப் பூனையில்கூட ஐந்தில் ஒன்று செவிடாக இருக்கக்கூடும் என்ற கணக்கை முன்பே பார்த்தோம். கண்ணை மட்டும் பார்த்துக் கழிப்பவர் அதைக் கழிக்காமல் விட்டுவிடுவார். நன்றாகக் காது கேட்கும் லயத்துச் சியாம் குட்டியைக் காரணமின்றித் தெருவில் விடுவார். எதிர்ப்பக்கத்து ஆபத்து, நீலத்தையே குறிக்கோளாக வைத்து இனம் உண்டாக்குவது. மயிர் எந்த நிறமானாலும் கண் நீலமாகவே இருக்கும்படியான பூனை வகைகள் சில பத்தாண்டுகளாக வெளிநாடுகளில் வளர்க்கப்படுகின்றன. 2024இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வு, அவற்றில் ஒரு வகையின் நீலத்துக்குப் பாக்ஸ்3 என்னும் மரபணுவில் நுழைந்த ஒரு பழைய வைரஸ் துண்டே காரணம் என்று காட்டியது. மனிதரிடம் அதே மரபணு பழுதானால் வெளிர்நீலக் கண்ணும் நெற்றியில் வெள்ளை மயிர்க்கற்றையும் செவிட்டுத்தன்மையும் சேர்ந்து வரும். 1951இல் டச்சுக் கண் மருத்துவர் வார்டன்பர்க் விவரித்த நோய்க்குறித் தொகுதி அது. பெரும்பாலான நீலக்கண் மனிதருக்கோ அப்படி எதுவும் இல்லை. அவர்களுடையது வெட்டவேண்டாம் என்ற உத்தரவு மட்டுமே. மனித இனத்திலேயே நீலம் இப்படி இரண்டாகப் பிரிகிறது.

பிரித்துப் பார்ப்பது அப்படியொன்றும் கடினமும் இல்லை. கண்ணை விட்டுவிட்டு மயிரைப் பாருங்கள். முகமும் காதும் வாலும் கறுத்து உடல் வெளிறியிருந்தால், காதைப் பற்றிக் கவலை வேண்டாம். கண் மாறுகண்ணாக இருந்தாலும் அது பிறவியோடு வந்தது, அந்தப் பூனை அதோடு நன்றாக வாழும். பூனை முழு வெள்ளையாக இருந்தால், கண் எந்த நிறமானாலும் காதைச் சோதியுங்கள். குட்டி ஆழ்ந்து தூங்கும்போது, தரை அதிராமல், காற்று அதன் மேல் படாமல், பின்னாலிருந்து தகர டப்பாவைத் தட்டுங்கள். காது திரும்பாமல் இருந்தால் வேறு வேறு நாள்களில் மறுபடி செய்யுங்கள். ஒரு காது மட்டும் கேட்காததை இந்தச் சோதனை காட்டாது. அதற்கு மூளையின் மின் அலையைப் பதிவு செய்யும் கருவி வேண்டும். செவிடு என்று உறுதியானால், அந்தப் பூனை வீட்டுக்குள் வாழவேண்டிய பூனை. செம்பனைக் காட்டில் எலியைத் தேடும் கூகையும் பூனையும் இருட்டில் காதை நம்பியே வேட்டையாடுகின்றன. எலிகளின் மெல்லிய கீச்சொலி மனிதக் காதின் நொடிக்கு 20,000 அதிர்வு என்ற எல்லையைத் தாண்டியும் எழும், பூனைக்கு அது கேட்கும். அந்த ஒலி எட்டாத பூனைக்கு வேட்டை கடினம். பின்னாலிருந்து வரும் நாயும் பழ லாரியும் இன்னும் பெரிய ஆபத்து. அதற்கு உணவு வைக்கும் நேரத்தில் தரையைக் காலால் இரண்டு முறை தட்டிப் பழக்கினால், அதிர்வை உணர்ந்து வந்துவிடும். இரவில் கூப்பிட, விளக்கை இரண்டு தரம் அணைத்துப் போட்டால் போதும்.